வீட்டுக்காரர்கள் இருவரும் இருக்க வேண்டும்

காலையில் எழுந்தேன். காபி போட்டேன். மகள் ஐவிக்கு ஓட்ஸ் காய்ச்சி ஆற வைத்தேன். அவள் சாப்பிட ஆரம்பித்ததும் நிலவறைக்கு இறங்கினேன். அவள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து மேல்படியில் உட்கார்ந்தாள். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் வாளி நிரம்பியிருந்தது. தொட்டியில் கொட்டினேன். தண்ணீர் சேரும் தரைக்குழியில் பம்ப் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. கூரை விட்டத்தில் நான் நூலில் கட்டியிருந்த தூக்குக்குண்டு வடக்குச் சுவருக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நூலுக்கும் சுவருக்கும் நடுவே அளவுகோலை வைத்தேன். இடைவெளி நேற்றையதைவிடக் குறைவு.

"இன்னும் கொஞ்சம் வந்திருக்கு, மார்னி," என்றேன்.

மேலே வந்து கிண்ணத்தைக் கழுவினேன்.

மார்னி என் மனைவி. பிப்ரவரியில் இறந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது, எனக்கு முப்பத்திரண்டு. ஐவிக்கு நான்கு ஆகப்போகிறது. மார்னி இருந்தபோதே சுவரில் கீறல் இருந்தது. எங்கள் ஊர் பார்மாவில் எல்லார் வீட்டு நிலவறையிலும் கீறல் இருக்கும். களிமண் பூமி. பனி உருகும்போது மண் தண்ணீர் குடித்து வீங்கும். ஹாலோ பிளாக் சுவர்கள் அதைத் தாங்கிக்கொண்டு அறுபது எழுபது வருடமாக நிற்கின்றன. எங்கள் சுவர் மார்ச் மாதம் உள்பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. நடு உயரத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒரே கீறல். விரலை விட்டால் உள்ளே போகும். உள்ளே ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சேத மனுக்களைப் படிப்பது வேலை. விழுந்த சுவர்களின் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெதுவாக விழுவதில்லை. வாரக்கணக்கில் அரிசியளவு அரிசியளவாக நகரும். பிறகு ஒரு மழையில் மொத்தமாக வந்துவிடும். மண்ணும் தண்ணீரும் பின்னாலேயே வரும். சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும் தரை இறங்கும். எங்கள் வீட்டில் அந்தச் சுவரின் மேல் இருப்பது ஐவியின் அறை.

அவள் கட்டிலை என் அறைக்கு மாற்றிவிட்டேன். அக்கா வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் நினைத்தேன். ஆனால் மார்னி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராததிலிருந்து ஐவி என்னைக் கண்ணிலிருந்து விடுவதில்லை. நான் குளித்தால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். நிலவறைக்குப் போனால் மேல்படி. இறங்கிப் போனவர்கள் ஏறி வருவார்கள் என்று அவளுக்கு நிச்சயமில்லை. அக்கா வீட்டுக்கு இருவருமாகப் போய்விடலாம். போனால் இந்த வீட்டைப் பம்பையும் தூக்குக்குண்டையும் நம்பி விட்டுப் போக வேண்டும். மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றால் போதும். வீடு போனால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை. நிலத்தடித் தண்ணீருக்குக் காப்பீடு கிடையாது. அந்த விதியை விளக்கி மற்றவர்களுக்குக் கடிதம் எழுதுபவனே நான்தான்.

அன்று பிற்பகலிலிருந்து மூன்று நாள் கனமழை என்று வானொலி சொன்னது.

ஒப்பந்தக்காரர்களைத் தேடாமல் இல்லை. முதலில் அழைத்த இடத்தில் ஒரு பெண் வெஸ் என்ற என் பெயர், முகவரி எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியாக, "வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் அன்னிக்கு வீட்டுல இருப்பீங்களா?" என்று கேட்டாள். இங்கே எல்லா நிறுவனமும் அப்படித்தான். கணவன் மனைவி இருவரும் மேசையில் உட்கார்ந்தால்தான் ஆளை அனுப்புவார்கள். ஒருவர் மட்டும் இருந்தால், அவளைக் கேட்டுச் சொல்கிறேன், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிடுவார்களாம். வீட்டுப் பத்திரத்தில் யார் யார் பெயர் என்று கேட்டாள். இரண்டு பேர், ஒருத்தி இறந்துவிட்டாள் என்றேன்.  மேனேஜர் கூப்பிடுவார் என்றாள். கூப்பிடவில்லை.

இரண்டாவது இடத்தில் அதே கேள்வி வந்தது.

"இருப்போம்," என்றேன்.

அன்று மதியம் வந்தவர் பெயர் டேல் மிஹாலிக். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தொப்பை, தடித்த மீசை, கழுத்தில் ஒரு டார்ச், அக்குளில் கையெழுத்து வாங்கும் டேப்லெட். வாசலிலேயே காலணிகளுக்கு நீல உறை மாட்டிக்கொண்டார்.

"வீட்டம்மா எங்க தம்பி?"

"வேலையிலிருந்து வந்துட்டிருக்கா. கொஞ்சம் லேட்டாகும்."

"ஆகட்டும், ஆகட்டும். அவங்க வராம நான் பேச்சையே எடுக்க மாட்டேன். போன மாசம் ஒருத்தன் தைரியமா கையெழுத்துப் போட்டான். சாயங்காலம் அவன் பொண்டாட்டி வந்து தாள நாலாக் கிழிச்சு நாய்க்கு விளையாடக் கொடுத்துட்டா. என் வீட்டுல மட்டும் என்ன வாழுது, ரிமோட்டத் தொடணும்னாலும் நான் மனு கொடுக்கணும்."

ஐவி என் காலைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"வணக்கம் செல்லம். காலுக்குத் தொப்பி போட்டிருக்கேன் பாத்தியா?"

ஐவி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வீட்டை வெளியே சுற்றி வந்தோம். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் வடக்குச் சுவரின் காலடியிலேயே முடிவதைப் பார்த்து டேல் நாக்கைச் சப்புக்கொட்டினார். மண் வீட்டை நோக்கிச் சரிந்திருப்பதைக் காலால் மிதித்துக் காட்டினார். மேகம் ஏரிப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

"உங்க கூரையில விழற தண்ணி மொத்தத்தையும் நீங்களே கொண்டுவந்து சுவர் பின்னாடி ஊத்துறீங்க. இத முன்னாடி யாரும் சொல்லலியா?"

"மார்னி சொன்னா," என்றேன்.

அவள் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது. அதற்குப் பிறகு சுலபமாக இருந்தது.

உள்ளே இறங்கினோம். ஐவி மேல்படியில் உட்கார்ந்தாள். டேல் சுவருக்கு முன்னால் போய் நின்றார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டார். சுவர் வயிறுபோலப் புடைத்திருப்பது தெரிந்தது. 

தட்டிப் பார்த்தார். கீழ் வரிசைகளில் வெற்றுச் சத்தம் வரவில்லை, கனத்த சத்தம் வந்தது.

"உள்ள தண்ணி நிக்குது. ஒவ்வொரு கல்லுக்குள்ளயும்." கையைத் துடைத்துக்கொண்டார். "பயமுறுத்துறான், பணம் பிடுங்கத்தான்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் பயமுறுத்துவேன், அதுதான் என் பொழப்பு. ஆனா இது அந்தக் கணக்குல வராது. இன்னிக்கு மழை வலுத்தா இந்தச் சுவரு எனக்கு நம்பிக்கையில்ல."

நம்பலாமா என்று யோசித்தேன். விற்க வந்தவன் சொல்வது. படங்களில் நான் பார்த்ததும் அதுவே. இப்படிப்பட்ட இடங்களில் மார்னி என் முழங்கையைக் கிள்ளுவாள். ஒரு கிள்ளு என்றால் இவன் புளுகுகிறான். கிள்ளாவிட்டால் சரி. அன்று முழங்கையில் எதுவும் படவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஆள் இல்லை.

"என்ன செய்யணும்?" என்றேன்.

"சுவரு நெடுக இரும்பு கர்டர். தரையில ஓரமா வாய்க்கா வெட்டி, தண்ணிய குழிக்குக் கொண்டுபோகணும். பெரிய பம்ப், கரண்ட் போனா பேட்டரில ஓடுற மாதிரி. அது அடுத்த வாரம். இன்னிக்கு முதல்ல ஜாக்கி கொடுத்துப் பலகை வச்சு முட்டுக் குடுக்கணும். எங்க ஆளுங்க பக்கத்து ஊர்லதான் இருக்காங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா மழைக்கு முன்னாடி வந்துடுவாங்க. ஆனா ரெண்டு கையெழுத்து வேணும். கம்பெனி சட்டம்."

"மார்னிக்குச் சம்மதம்தான். கர்டர்தான் வேணும்னு அவளே சொல்லியிருக்கா. பட்டை ஒட்டுறது, வெள்ளைப் பூச்சுப் பூசுறது எதையும் நம்பாதன்னு."

"விவரமான அம்மா. என்ன வேலை பாக்குறாங்க?"

"பல் டாக்டர்கிட்ட. பல் சுத்தம் பண்ற வேலை."

"அதான பாத்தேன். ஓட்டையப் பாத்தா விடமாட்டாங்க." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "வீட்ட வித்துடலாம்னு சொல்லலியா? நிறையப் பேரு அதத்தான் சொல்லுவாங்க."

"இந்த வீட்ட விக்க விடமாட்டேன்னா."

அவள் உயிரோடு இருப்பதுபோலவே பேசிக்கொண்டு போனேன். அவள் நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டியிருப்பதாகச் சொன்னேன். டேல் தலையாட்டினார். டார்ச்சைத் தரையில் ஓட்டினார். சுவரோரமாக ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே தரை புதிதாகப் பூசியிருந்தது. நீளமாக, அகலம் குறைவாக.

"இது என்ன?"

"நான்தான் உடைச்சேன். அடியில தண்ணி வடியற குழாய் இருக்கான்னு பாக்க. திரும்ப மூடிட்டேன்."

"தனியாவா?"

"ஆமா."

"வீட்டம்மா திட்டலியா?"

"அவ பாக்கல."

டேல் அந்தப் பூச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சிமெண்ட் கலவையைக் குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு போன் அடிச்சுப் பாருங்களேன் தம்பி. எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சா ஆளுங்களக் கெளம்பச் சொல்லிடலாம்."

அழைத்தேன். அந்த எண்ணை அழைப்பது எனக்குப் பழக்கம். அவளுடைய போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறேன்.

மேலே சமையலறையில் மணி அடித்தது. நிலவறையில் தெளிவாகக் கேட்டது.

"அம்மா போன்," என்றாள் ஐவி.

நான் துண்டித்தேன். மணி நின்றது.

"போன வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாங்களா?" டேல் என்னைப் பார்க்காமல் மேலே பார்த்துக் கேட்டார். "அம்மா மறந்துட்டாங்களா செல்லம்?"

"அம்மா எங்கயும் போகல," என்றாள் ஐவி. "கீழதான் இருக்கா. அப்பா தினம் காலைல அங்க நின்னு அவகூடப் பேசுவாரு. நான் வரக்கூடாது."

வடக்குச் சுவருக்கு முன்னால் ஓரிடத்தைக் காட்டினாள். தூக்குக்குண்டு தொங்கும் இடம். அதற்கு நேர்கீழே புதுப் பூச்சு.

டேலின் முகம் வெளிறியதைப் பார்த்தேன்.  எனக்கு இன்னும் புரியவில்லை. சுவரில் ஏதோ பார்த்துவிட்டார், இப்போதே விழப்போகிறது என்று நினைத்தேன். ஐவியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று படியை நோக்கி ஓரடி வைத்தேன். அவர் சட்டென்று பின்வாங்கினார். அவருக்கும் படிக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன்.

"ஒண்ணுமில்ல சார்," என்றார். அதுவரை தம்பி என்றவர். "டேப்லெட் வண்டியில இருக்கு சார். எடுத்துட்டு வந்துடறேன்."

டேப்லெட் அவர் கையில் இருந்தது.

நான் விலகினேன். முதுகை என் பக்கம் காட்டாமல், கைப்பிடியைத் தடவிக்கொண்டே பக்கவாட்டில் ஏறினார். ஐவியைத் தாண்டும்போது நின்றார். அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது. புதிதாகப் பூசிய தரை, வராத மனைவி, வீட்டுக்குள் அடிக்கும் போன். என் வேலையில் இப்படி ஒரு மனு வந்தால் நானே காவல்துறைக்கு அனுப்பியிருப்பேன்.

வாசல் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

சுவர் 'டக்' என்றது. யாரோ விரல் முட்டியைச் சொடுக்கியதுபோல ஒரே ஒரு சத்தம். கீறலிலிருந்து மணல் கொஞ்சம் கொட்டியது.

ஐவியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தூறல் தொடங்கியிருந்தது. டேல் வண்டிக்குள் உட்கார்ந்து எல்லாக் கதவையும் பூட்டியிருந்தார். என்ஜின் ஓடியது. கையில் போன். நீல உறைகளைக்கூடக் கழற்றவில்லை. இவர் போய்விட்டால் ஜாக்கி இல்லை. வேறு யாரை அழைத்தாலும் அடுத்த வாரம்தான் தேதி தருவார்கள். இறப்புச் சான்றிதழ் உள்ளே மேசை இழுப்பறையில் இருந்தது. எடுக்கப் போனால் வண்டி கிளம்பிவிடும்.

வண்டியின் முன்னால் போய் நின்றேன்.

கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது.

"அங்கயே நில்லுங்க சார். கிட்ட வராதீங்க. பாப்பாவ இறக்கி விடுங்க."

"இறக்கினா அழுவா."

"இறக்குங்க சார்."

இறக்கினேன். அழுதாள். தூக்கிக்கொண்டேன்.

"அவ செத்துட்டா டேல். பிப்ரவரில. ஆஸ்பத்திரில."

"இப்பத்தான் நெரிசல்ல மாட்டியிருந்தாங்க."

"ரெண்டு பேரும் இருந்தாதான் ஆள் அனுப்புவோம்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. நெசத்தச் சொன்ன இடத்துலருந்து யாரும் வரல."

 துடைப்பான் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தது.

"அந்தத் தரை?"

"குழாய் இருந்துச்சு. மண்ணடைச்சுக் கெடந்துச்சு. மூடிட்டேன்."

"பாப்பா சொன்னது?"

"காலைல சுவரு அளப்பேன். அளந்தத அவகிட்ட சொல்லுவேன். அவ்வளவுதான்."

"கர்டர்தான் வேணும்னு அவங்க சொன்னாங்கன்னீங்க."

"நான் சொன்னது."

"பூச்ச நம்பாதன்னு?"

"அதுவும்."

"வீட்ட விக்க விடமாட்டேன்னாங்களே?"

"அதுவும் நான்தான்."

"அட போய்யா," என்றார். "அந்தம்மா பேர வச்சு ஒரு மணி நேரம் என்கிட்ட வியாபாரம் பேசியிருக்க. அவங்க நெசமா எதாவது சொன்னாங்களா இல்லையா?"

மழை வலுக்கத் தொடங்கியது. கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் சுவரின் காலடியில் கொட்டும் சத்தம் கேட்டது. ஐவி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கடைசியா என்ன சொன்னாங்க?" என்றார் டேல். கட்டைவிரல் போனின் மேல் இருந்தது. "யோசிக்காத. சொல்லு."

சவ அடக்கத்தின்போது பலர் இதைக் கேட்டார்கள். மார்னியின் அம்மாவிடம், 'ஐவியைப் பார்த்துக்கொள்' என்று சொன்னாள் என்றேன். பாதிரியாரிடம், பயமில்லை என்றாள் என்று சொன்னேன். எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். டேலிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியை முழுவதும் இறக்கினார். போனில் ஆட்களை அழைத்து, இருக்கிற ஜாக்கி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பச் சொன்னார். முகவரியை இரண்டு தடவை சொன்னார். கையெழுத்து வாங்கியாச்சா என்று அங்கிருந்து யாரோ கேட்டிருக்க வேண்டும்.

"வாங்கியாச்சு," என்றார். "ஒருத்தர்தான் வீட்டுக்காரர். நான் தப்பா எழுதிட்டேன்."

ஆட்கள் வந்தபோது மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் பலகைகளைச் சாத்தி ஜாக்கிகளை முறுக்கினார்கள். முறுக்க முறுக்கச் சுவர் முனகியது. டேல் படியில் ஐவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாங்குமா என்று ஆட்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்கள். கிளம்பும்போது டேல் என் தோளில் கை வைத்து, "அவங்க கடைசியா சொன்னத ஒருத்தனால இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது தம்பி, அதான் நம்பினேன்," என்றார்.

பிப்ரவரியில் அந்த ஆஸ்பத்திரி நடைவழியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனது ஓர் இளம் நர்ஸ். நான் பக்கத்தில் நடந்தேன். ஸ்கேன் அறையின் கதவு திறக்கக் காத்திருந்தோம். மார்னி தலையைத் தூக்கித் தன் பாதங்களைப் பார்த்தாள்.

"சாக்ஸ் ரெண்டும் வேற வேற, வெஸ். போர்வைய இழுத்து விடு, அந்தப் பொண்ணு பாக்குறா."